குலை நோய்: மருந்தை முன்கூட்டியே அடிப்பது ஏன்?

தரங்கம்பாடி, மயிலாடுதுறை பகுதிகளில் சம்பா நெல் கதிர் வரும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் மேகமூட்டமும் இரவுப் பனியும் சேர்ந்தால் குலை நோய் வேகமாகப் பரவும். 1919-ல் தஞ்சை டெல்டாவில் பெரும் சேதம் செய்த நோய் இது. மருந்து அடித்தும் நோய் நிற்கவில்லை என்றால், பல சமயம் காலம் தாழ்த்தி அடித்ததே காரணம்.

பூசணம் பெருகும் விதம்

இலையில் கண் வடிவில், ஓரம் பழுப்பாகவும் நடுவில் சாம்பல் நிறமாகவும் தெரியும் புள்ளிதான் இந்தப் பூசணத்தின் நாற்றங்கால். காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும் இரவில் ஒரே புள்ளியில் ஆயிரக்கணக்கான வித்துகள் உண்டாகும். அவை காற்றில் பறந்து அடுத்த பயிரில் ஒட்டி, பனி ஈரத்தில் முளைக்கும். முளைத்த வித்து ஒரு சிறு குமிழைக் கட்டி, அதன் சுவரில் கருநிறமி பூசி, உள்ளே அழுத்தம் ஏற்றும். கார் டயரில் இருப்பதைப் போல 30 மடங்குக்கும் அதிகமான அந்த அழுத்தத்தால் இலையைத் துளைத்து உள்ளே போகும்.

புரதங்களின் வேலை

இந்த ஒவ்வொரு வேலைக்கும் பூசணத்திடம் தனித்தனிப் புரதங்கள் உள்ளன. உதாரணமாக, எம்.பி.எஸ்.1 என்ற புரதத்தை நீக்கினால் வித்து உண்டாவது குறைகிறது, இலையைத் துளைக்கவும் முடிவதில்லை என்று 1998-ல் கண்டறிந்தனர். பூசணத்தின் முழு மரபணுத் தொகுப்பு 2005-ல் வெளியானது.

நாம் அடிக்கும் டிரைசைக்ளசோல், கருநிறமி தயாரிக்கும் ஒரு புரதத்தை முடக்குகிறது. நிறமி இல்லாத குமிழில் அழுத்தம் நிற்காது. பூசணம் வெளியிலேயே நின்றுவிடும். ஆனால் ஏற்கெனவே உள்ளே நுழைந்த பூசணத்தை இந்த மருந்து அழிக்காது. கழுத்துப் பகுதி கறுத்த பிறகு அடித்தால் பதரான கதிர் திரும்பாது.

செய்ய வேண்டியவை

* விதை நேர்த்தி: கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ்.
* தழைச்சத்தைப் பிரித்து இடுங்கள். புள்ளி தெரிந்தால் யூரியா மேலுரத்தை நிறுத்தி வையுங்கள்.
* வரப்பில் உள்ள புல்லை அகற்றுங்கள்.
* பி.பி.டி. 5204 போன்ற எளிதில் தாக்கப்படும் ரகம் என்றால் வாரம் இருமுறை வயலைப் பாருங்கள்.
* இலையில் முதல் புள்ளிகள் தெரிந்ததும் ஏக்கருக்கு டிரைசைக்ளசோல் 75 டபிள்யூ.பி. 120 முதல் 160 கிராம் வரை 200 லிட்டர் நீரில் கலந்து தெளியுங்கள். இலையில் நோய் இருந்த வயலில், கதிர் தொண்டையில் இருக்கும்போதே கழுத்துக் குலைக்கும் தெளிப்பது அவசியம்.
* மருந்து அடித்து 30 நாட்களுக்குள் அறுவடை செய்யாதீர்கள்.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம். ஜப்பானில் கருநிறமியைத் தடுக்கும் வேறொரு மருந்து 2001-ல் பலன் தராமல் போனது. அது குறிவைத்த புரதத்தில் பூசணம் சிறு மாற்றம் செய்துகொண்டதே காரணம். மாற்று மருந்து பற்றி உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டு முடிவு செய்யுங்கள்.