சின்னம் ஒன்று, டயர் இரண்டு

ஒன்ராறியோவில் பிக்கப் வைத்திருப்பவர்கள் நவம்பர் வந்தால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "நல்ல ஆல்-டெரெய்ன் டயர் போட்டாயிற்று, மலைச் சின்னமும் இருக்கிறது, வருடம் முழுக்கக் கழற்ற வேண்டியதில்லை" என்பது ஒரு கட்சி. "விண்டர் டயரைத் தனி ரிம்மில் ஏற்றி வைத்துக்கொள், குளிர் தொடங்கும்போது மாட்டு, ஏப்ரலில் கழற்று" என்பது மற்றது. ஸ்காபரோவிலிருந்து விடிவதற்குள் வேலைத்தளத்துக்குக் கிளம்பும் நம்மவர்களிடமும் இதே பேச்சுத்தான். சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு டயரும் ஒன்றே. சாலைக்கு அப்படியில்லை.

குழப்பத்தின் வேர் அந்தச் சின்னத்தில் இருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் மூன்று முகடு கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள். 1999இல் வட அமெரிக்காவில் வந்தது. அதற்கு முன்பிருந்த 'எம்+எஸ்' எழுத்துக்குச் சோதனையே கிடையாது. டயரின் மேற்பரப்பில் துருத்தும் பட்டன்களுக்கிடையே போதிய இடைவெளி இருந்தால் தயாரிப்பாளர் அச்சடித்துக்கொள்ளலாம். மலைச் சின்னத்துக்குச் சோதனை உண்டு. இறுகிய பனிமீது வண்டியைக் கிளப்பும்போது, ஒப்பீட்டுக்கான பொது டயரைவிட 10 விழுக்காடாவது கூடுதல் பிடி கிடைக்கவேண்டும். வட அமெரிக்கச் சோதனை அவ்வளவோடு நின்றுவிடுகிறது. பிரேக் போட்டால் எங்கே நிற்கும், வளைவில் என்ன ஆகும், கண்ணாடிபோல் உறைந்த ஐஸில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது கேட்பதில்லை.

பி.எஃப்.குட்ரிச் கேஓ2, ஃபால்கன் வைல்ட்பீக் ஏடி3டபிள்யூ, டோயோ ஓபன் கன்ட்ரி ஏ/டி 3 ஆகிய ஆல்-டெரெய்ன் டயர்களில் இந்தச் சின்னம் இருக்கிறது. பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக்கிலும் நோக்கியன் ஹக்கபெலீட்டாவிலும் அதே சின்னம்தான். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். 2014 டிசம்பருக்குப் பிறகு அங்கே கணக்கில் சேர்வது மலைச் சின்னம் பொறித்த டயரும் ஆணி டயரும் மட்டுமே. ஆகவே கேஓ2 போட்ட பிக்கப்பும் பிளிசாக் போட்ட பிக்கப்பும் அங்கே ஒரே தகுதி. ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி முதல் பனிக்கால டயருக்குக் காப்புறுதி நிறுவனங்கள் தள்ளுபடி தந்தாகவேண்டும். மலைச் சின்னமுள்ள ஆல்-டெரெய்ன் அந்தத் தள்ளுபடிக்குச் செல்லுமா என்பதை வாங்குவதற்கு முன்பே உங்கள் நிறுவனத்திடம் கேட்டுவிடுவது நல்லது.

இனி ரப்பரைப் பார்ப்போம். ஆல்-டெரெய்ன் டயர் சரளைக்கல்லில் கிழியாமல் இருக்கவும், கோடை வெயிலில் சீக்கிரம் தேயாமல் இருக்கவும் செய்யப்பட்டது. அந்த இரண்டு வேலைக்கும் கெட்டியான ரப்பர் வேண்டும். பட்டன்கள் பெரியவை, நடுவே அகலமான பள்ளங்கள். யாரும் அள்ளாத, ஆழமான புதுப்பனியில் அவை மண்வெட்டி போல வாரித் தள்ளும். கிராமத்துக் குறுக்குச் சாலையில் இதுவே பலம். விண்டர் டயரின் ரப்பர் சிலிக்கா சேர்த்து, கடுங்குளிரிலும் இளகியே இருக்கும்படி கலக்கப்பட்டது. ஒவ்வொரு பட்டனிலும் நெருக்கமாக ஏராளமான மெல்லிய வெட்டுகள். அவற்றின் ஓரங்கள்தான் ஐஸைக் கவ்வுகின்றன. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள் என்று கடைக்காரர்கள் சொல்வதன் காரணமும் ரப்பர்தான்.

ஐஸின் குணம் பலரும் நினைப்பதற்கு மாறானது. மைனஸ் 25இல் இருக்கும் ஐஸைவிடப் பூஜ்ஜியத்தை ஒட்டியிருக்கும் ஐஸ்தான் அதிகம் வழுக்கும். அதன் மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். டயர் மிதப்பது அதன்மீதுதான். பிளிசாக் போன்ற டயர்களின் ரப்பரில் உள்ள நுண்துளைகள் அந்த நீரை உறிஞ்சி, ரப்பர் ஐஸைத் தொட வழி செய்கின்றன. பிளிசாக் 1988இல் ஜப்பானில் பிறந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. ஆணி டயர்கள் தாரைச் சுரண்டிக் கிளப்பிய தூசி அங்கே நகரங்களை மூச்சுத்திணற வைத்தது. 1990இல் சட்டமே போட்டு அவற்றை ஒடுக்கினார்கள். தெற்கு ஒன்ராறியோவின் குளிர்காலம் பெரும்பாலும் இந்தப் பூஜ்ஜிய எல்லையில்தான் ஊசலாடுகிறது. பகலில் உருகும், இரவில் இறுகும், காலையில் பிளாக் ஐஸ். உப்பு தூவி, பனி அள்ளிய நெடுஞ்சாலையில் மண்வெட்டிக்கு வேலையே இல்லை. நுண்துளை ரப்பருக்குத்தான் வேலை.

வண்டி பிக்கப் என்பதால் இது இன்னும் கூடுகிறது. எஞ்சின் முன்னால், பின்னால் வெறும் பெட்டி. சரக்கில்லாத பிக்கப்பின் பின்சக்கரங்கள் ரோட்டை லேசாகத்தான் அழுத்துகின்றன. சிக்னலில் கிளம்பும்போது சுழல்வதும், வளைவில் வால் விலகுவதும் அதனால்தான். "நாலு சக்கர டிரைவ் இருக்கிறதே" என்பார்கள். அது கிளம்ப உதவும், ஏறவும் உதவும். நிற்பதற்கு உதவாது, ஏனென்றால் எந்த வண்டியிலும் பிரேக் நாலு சக்கரத்துக்குத்தான். சின்னத்தின் சோதனை அளப்பதும் நாலு சக்கர டிரைவ் தருவதும் அதே கிளம்பும் பிடிதான். சின்னத்தை நம்பி ஆல்-டெரெய்ன் போடுவது, ஏற்கெனவே கையில் இருப்பதையே இன்னொரு முறை காசு கொடுத்து வாங்குவதாக எனக்குப் படுகிறது. பெட்டியில் மணல் மூட்டை போடுவதாக இருந்தால் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்துக் கட்டுங்கள். பின்கதவோரம் கிடக்கும் மூட்டை, திடீர் பிரேக்கில் முன்னால் பாயும்.

விண்டர் டயர் தோற்கும் இடங்களும் இருக்கின்றன. முன்னால் பனித் தகடு மாட்டி ஓடும் முக்கால் டன், ஒரு டன் பிக்கப்புக்கு அதிகச் சுமை தாங்கும் எல்.டி. (லைட் டிரக்) வகை, லோட் ரேஞ்ச் ஈ டயர் வேண்டும்; அந்த வகையில் விண்டர் டயர் கிடைத்தாலும் தேர்வு குறைவு. அரை டன் வண்டிக்குப் பொதுவாகக் கார் வகையான பி-மெட்ரிக் டயரே போதும். ஒன்று கவனிக்கவேண்டும்: எல்.டி. டயர் அதே சுமையைத் தூக்க அதிகக் காற்று கேட்கும், ஓட்டுநர் கதவோரத்துச் சீட்டில் போட்டிருக்கும் அழுத்தம் அதற்குச் சரிவராது. வருடம் முழுக்கப் பண்ணைச் சாலையிலும் சரளையிலும் ஓடுபவர், பனி அள்ள ஆள் வராத இடத்தில் குடியிருப்பவர் ஆகியோருக்கு நான் ஆல்-டெரெய்னையே சொல்வேன். சட்பரி, தண்டர் பே பக்கம் இருப்பவர்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு: வடக்கு ஒன்ராறியோவாசிகளுக்குக் குளிர்காலத்தில் ஆணி டயர் அனுமதி. தெற்கில் இருப்பவருக்கு அது கிடையாது.

பலர் தடுக்கி விழுவது சக்கர விஷயத்தில். ஒரே ரிம்மில் வருடத்துக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி ஏற்றினால் ஒவ்வொரு முறையும் கூலி, பேலன்ஸ், டயரின் ஓரத்துக்குக் காயம். தனி ரிம் வாங்கினால் அந்தச் செலவு சில குளிர்காலங்களில் கழிந்துவிடும். அதோடு கோடை டயர் பாதி ஆண்டு ஓய்வெடுக்கிறது, அதன் ஆயுளும் நீள்கிறது. இந்தக் கணக்கை ஆல்-டெரெய்ன் கட்சி சேர்ப்பதில்லை. பால்கனி மட்டும் உள்ள அடுக்குமாடியில் நாலு பெரிய சக்கரத்தை எங்கே வைப்பது என்ற அவர்களுடைய கேள்விக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. கடையில் வாடகைக்கு வைக்கலாம், அதுவும் செலவுதான்.

குளிர்காலத்துக்குச் சிறிய ரிம்மே நல்லது. எஃப்-150 பிக்கப்பில் 275/55 ஆர் 20 டயரின் விட்டம் ஏறக்குறைய 810 மி.மீ. 275/65 ஆர் 18 போட்டால் 815, 265/70 ஆர் 17 போட்டால் 803. ஸ்பீடோமீட்டர் பெரிதாக ஏமாறாது. பக்கச் சுவர் உயர்வதால் பனிக்குள் ஒளிந்திருக்கும் குழியில் ரிம் அடிபடுவது குறையும், டயரின் விலையும் இறங்கும். 255/70 ஆர் 18 கிடைத்தால் இன்னும் குறுகலான டயர், விட்டம் மாறாது. குறுகல் டயர் பனியைக் கீறிக்கொண்டு கீழே இறங்கும். வாங்குமுன் பிரேக் காலிப்பருக்கு இடமிருக்கிறதா என்று பார்த்துவிடவேண்டும்.

இரும்பா, அலாயா? இரும்பு கனம், அழகில்லை, துருப்பிடிக்கும். ஆனால் மலிவு, அடிபட்டால் பெரும்பாலும் வளையும், அலாயோ விரிசல் விடலாம். பளபளக்கும் குரோம் பூச்சு ரிம்மை உப்பில் ஓட்டுவது வீண். நண்பரின் பழைய ரிம்மை வாங்குபவர்கள் நட்டுத் துளைகளை அளந்துகொள்ளட்டும்: எஃப்-150க்கு 6 துளை, 135 மி.மீ. வட்டம், சில்வராடோ 1500க்கும் 6 துளைதான், ஆனால் 139.7 மி.மீ. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், பொருந்தாது. காற்றழுத்த சென்சரையும் புது ரிம்மிலேயே போட்டுவிட்டால் டாஷ்போர்டு விளக்கோடு குளிர்காலம் முழுக்க மல்லுக்கட்ட வேண்டாம். கனடாவில் சென்சர் கட்டாயமில்லை. ஆனால் வெப்பநிலை 5, 6 பாகை இறங்கினாலே டயரில் ஒரு பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றழுத்தம் குறையும் ஊரில் அது உபயோகமான பொருள். எஃப்-150இன் நட்டுகளை 150 அடி-பவுண்டுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு முறை இறுக்கவேண்டும்.

தனி செட் வாங்கியவர் ஏப்ரலில் சோம்பல்படக்கூடாது. இளகிய ரப்பர் வெயில் தாரில் வேகமாகக் கரையும். பழைய பிளிசாக் வகைகள் பலவற்றில் நுண்துளை ரப்பர் பட்டனின் மேல் பாதியளவுக்குத்தான். அது தேய்ந்தபின் கீழே இருப்பது சாதாரண ரப்பர். பட்டன் 4 மி.மீ.க்கு இறங்கிவிட்ட விண்டர் டயரில், மலைச் சின்னம் பக்கச் சுவரில் அழியாமல் அப்படியேதான் இருக்கும். அதைப் பார்த்து அடுத்த டிசம்பரில் மாட்டாதீர்கள். கழற்றும் அன்றே ஆழத்தை அளந்து சாக்குக்கட்டியால் டயர்மேல் எழுதி வையுங்கள்.