செப்புக்காசுக்குக் கதவு திறந்த கதை

சிக்கனமாக இரு, சேமித்து வை என்று ஏழைக்கு உபதேசிப்பவருக்கு எக்காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. சிறுதுளி பெருவெள்ளம் என்கிறார்கள், உண்மைதான். ஆனால், துளி சேர்வதற்குக் குடம் ஒன்று வேண்டாமா? அந்தக் குடத்தை ஏழையின் கையில் யார் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்று கேட்டோமா? கேட்டால், வரலாறு விடை கூறுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து நாட்டிலே வங்கிகள் இருந்தன. ஆனால், 10 பவுன் கொண்டு வருபவருக்கே அவற்றின் கதவு திறந்தது. பண்ணையில் பாடுபடும் கூலியாள் 10 பவுனை எங்கே காண்பான்? அவன் சேர்த்த சில்லறை பரணிலே கிடந்தது. அல்லது கள்ளுக்கடையிலே கரைந்தது. கரைந்ததைக் கண்டவர்கள், "பார்த்தீர்களா, இவனுக்குச் சேமிக்கத் தெரியாது" என்றார்கள்!

1810ஆம் ஆண்டு, ரூத்வெல் என்ற சிற்றூரில் ஹென்றி டங்கன் என்பவர் ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். அவர் ஒரு பாதிரியார். எனினும், வானத்தைக் காட்டி வயிற்றை மறக்கச் சொல்லவில்லை. 6 பென்ஸ் கொடுத்தால் போதும், கணக்குத் தொடங்கலாம் என்றார். மற்ற வங்கிகள் கேட்ட தொகையில் நானூற்றில் ஒரு பங்கு! பணம் வைத்த பெட்டிக்கு மூன்று பூட்டுகள், சாவிகளோ மூவரிடம். மூவரும் கூடினாலன்றிப் பெட்டி திறவாது. முதலாண்டு முடிவிலே சேர்ந்தது 151 பவுன். சேமிக்கத் தெரியாதவர்கள் என்று பழிக்கப்பட்டவர்களின் காசு அது. மாறியது மக்களின் குணமா? இல்லை, தோழர்களே, கதவின் உயரம் குறைந்தது, அவ்வளவே.

1861இல் பிரிட்டிஷ் அரசு அஞ்சலகங்களிலேயே சேமிப்பு வங்கியைத் திறந்தது. ஒரு ஷில்லிங் இருந்தால் போதும். அதையும் ஒரே நாளில் புரட்ட இயலாதவருக்காக 1880இல் வழி கண்டார் அஞ்சல் துறைத் தலைவர் ஹென்றி ஃபாசெட்: ஒரு பென்னி அஞ்சல்தலைகளாக வாங்கி அட்டையிலே ஒட்டலாம்; பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ஷில்லிங். ஃபாசெட் பார்வையற்றவர். கண்ணுள்ள பலர் காணாத ஏழையின் இடர்ப்பாட்டை அவர் கண்டார்.

மற்றொரு பூட்டையும் உடைக்க வேண்டியிருந்தது. மணமான பெண் ஈட்டிய ஊதியமும் கணவனுக்கே உரியது என்றது அந்நாட்டின் பழஞ்சட்டம். 1870இல் வந்த சட்டம், அவளது ஊதியமும் சேமிப்பு வங்கியில் அவள் இட்ட பணமும் அவளுக்கே சொந்தம் என்றது. நம் வீடுகளில், அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் தாய்மார்கள் மறைத்து வைக்கும் சிறுவாட்டை எண்ணிப் பாருங்கள். தன் பணத்தைத் தானே ஒளித்து வைக்க வேண்டிய நிலை எதனால் வந்தது?

இந்தியாவில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882இல் வந்தது. ஆனால், பெரும்பெயரை நம்பும் பழக்கம் நம்மவரை விட்டுப் போகவில்லை. சென்னையில் அர்பத்நாட் என்ற வெள்ளையர் நிறுவனம் கொடிகட்டிப் பறந்தது. கணக்கைக் கேட்டவர் இல்லை. பெயரைக் கேட்டதும் பணத்தைக் கொடுத்தார்கள். 1906 அக்டோபர் 22ஆம் நாள் அது கதவடைத்தது. ஆயிரக்கணக்கானோர் கலங்கி நின்றனர். அதன் தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. கிடைத்து என்ன? அந்தத் தண்டனை, இழந்தவரின் வீட்டு அடுப்பை மூட்டவில்லை. ரூத்வெல் பெட்டிக்கு மூன்று சாவிகள் இருந்தன; இங்கே சாவிகள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தன!

அடி பட்ட சென்னை அடங்கிக் கிடக்கவில்லை. வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி எழுந்தது. அதற்கு முன்னரே, 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்திருந்தது. அண்டை வீட்டார் ஒன்றுகூடித் தம் காசைத் தாமே காத்து, தமக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் முறை அது. 1960இல் பாலாய் மத்திய வங்கி வீழ்ந்தபோது மீண்டும் கண்ணீர். அதன் பின்னரே வைப்புத்தொகைக் காப்பீடு சட்டமாகி, 1962 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 1,500 ரூபாய்வரை காப்பு; 2020இல் அது 5 லட்சமாயிற்று. ஒவ்வொரு சாவிக்கும் எளியோர் இழப்பால் விலை கொடுத்திருக்கிறார்கள்.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது என்ன? கதவு திறந்திருக்கிறது, நுழைவது நம் கடமை. வருவாய் வந்த அன்றே, சிறிதாயினும், ஒரு பகுதியை எடுத்து வைப்போம். செலவு போக மிஞ்சட்டும் என்று காத்திருந்தால் மிஞ்சுவது ஏமாற்றமே. வரவையும் செலவையும் நாள்தோறும் எழுதுவோம். சீட்டுச் சேர அழைப்பவரிடம், 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு உண்டா என்று கேட்போம். வங்கி வைப்புக்கு உள்ள காப்பீடு சீட்டுக்கு இல்லை என்பதை மறவோம். கேட்பது அவமதிப்பு அன்று, அறிவின் அடையாளம்.

பள்ளியிலே வட்டிக் கணக்குக் கற்பிக்கிறோம். அதே கணக்கை வீதியிலும் போட்டுப் பார்ப்போம். பத்து வட்டி என்றால், நூறு ரூபாய்க்கு மாதம் பத்து, ஆண்டுக்கு 120. பத்தே மாதத்தில் வாங்கிய தொகை முழுதும் வட்டியாகப் போய்விடும். முதலோ அப்படியே நிற்கும்! காதுகுத்துக்கும் கருமாதிக்கும் இப்படிக் கடன்பட்டுவிட்டு, "எல்லாம் தலைவிதி" என்கிறோம். தலையிலே எழுதியதன்று அது. கடன் பத்திரத்திலே நாமே கையெழுத்திட்டது.

அரைவயிற்றுக் கூலியிலே சேமிப்பு எங்கே வரும் என்ற கேள்வி நியாயமானது. கூலியை உயர்த்தாமல் சிக்கனம் பேசுவது கேலிக்கூத்து. ஆனால், உரிய கூலியைக் கேட்டுப் போராடவும் ஒரு மாதச் சோற்றுக்கு வழி வேண்டும். அது கையில் உள்ளவன்தான் முதலாளியிடமும் வட்டிக்காரனிடமும் "முடியாது" என்று நிமிர்ந்து சொல்வான். சேமிப்பு செல்வனாவதற்கான வழியோ அல்லவோ, தலை குனியாமல் வாழ்வதற்கான வழி.

எனவே இளைஞர்களே, ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் தெருவில் அன்னையர் பெயரிலும் தங்கையர் பெயரிலும் கணக்குத் தொடங்க உதவுங்கள். எழுத்தறியாதவருக்கு அவரது கணக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டுங்கள். அடுத்த மாதம் அதை அவரே படிக்கக் கற்றுக் கொடுங்கள்.