துரோகி என்னும் சொல்

கெலிஓயாவிலிருந்து கம்பளைக்கும் அப்பால் சென்றால் உலப்பனை வரும். அங்கே அத்தநாயக்க என்ற பெயருடன் தோட்டச் சொந்தக்காரராய் மறைந்து வாழ்ந்தவர், மக்கள் விடுதலை முன்னணித் தலைவர் றோகண விஜேவீர. 1989 நவம்பர் 12 ஆம் திகதி அவர் பிடிபட்டார். மறுநாளே, எந்த நீதிமன்றமும் விசாரியாமல், படையினரின் காவலில் மாண்டார்.

1971 ஏப்ரல் கிளர்ச்சிக்கு முன்னர் அவர் இளைஞர்க்குப் புகட்டிய ஐந்து வகுப்புகளுள் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. தோட்டத் தொழிலாளர் அவ்விஸ்தரிப்பின் கருவிகள் என்பது அதன் சாரம். 1948 இல் குடியுரிமை பறிபோய், பின் வாக்கும் இழந்து, லயன் அறைகளில் ஒடுங்கிக் கிடந்தவர்களா அந்நிய வல்லரசின் முன்னணிப் படை? கொழுந்துக் கூடையன்றி வேறென்ன சுமந்தார்கள்? அவர் ஒளிவதற்குத் தேர்ந்த இடமும் ஒரு தோட்டமே என்பதை எண்ணுங்கால் நகைப்பதா, நோவதா என்று தெரியவில்லை. ஆயினும் வேலையற்ற கிராமத்து வாலிபரின் துயர் மெய்யே. அம்மெய்யோடு கலந்து வந்தமையாலேதான் பொய்யும் விலைபோயிற்று.

1987 ஜூலை 29 இல் இலங்கை - இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாகிய பின் எழுந்த ஆயுதப் பிரிவு, 'தேசப்பிரேமி ஜனதா வியாபாரய' எனப் பெயர் பூண்டது. அதாவது, தேசப்பற்றுள்ள மக்கள் இயக்கம். பெயரிலேயே வழக்கு முடிந்துவிடுகிறது. அதற்கு மாறாக நிற்பவன் தேசத்துரோகி. அவ்வாறு தீர்க்கப்பட்டுக் கொல்லப்பட்டோரின் பெட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கலாகாது என்றும் கட்டளை பிறந்தது. தோளிலே சுமக்கும் இறுதி உரிமையையும் ஒரு சொல் பறித்தது.

இதனைச் சிங்கள இளைஞரின் குற்றமென எழுதிவிட்டு நாம் தப்புதல் இயலாது. துரோகி என்பது இரு மொழிக்கும் பொதுச்சொல். மேடைகளில் அப்பெயர் சூட்டப்பட்ட யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா, 1975 ஜூலை 27 இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியிற் சுடப்பட்டார். பின்னர் விடுதலைப் புலிகளின் வழக்கிலே உடல் வித்துடலாயிற்று, புதைத்தல் விதைத்தலாயிற்று, தற்கொலை தற்கொடையாயிற்று. அத்தகைய 'கொடை'தான் 1998 ஜனவரி 25 இல் நம் கண்டித் தலதா மாளிகை வாசலில் லொறிக்குண்டாய் வெடித்துக் குழந்தைகளையும் பலிகொண்டது.

இந்திய இராணுவம், அரசு, இயக்கங்கள் என எத்தரப்பின் கொடுமையையும் மறையாது 'முறிந்த பனை' நூலில் எழுதியோருள் ஒருவர் மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகம. 1989 செப்டெம்பர் 21 இல் யாழ்ப்பாணத்தில் துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்புகையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அக்கொலைக்கு உரிமை கோர எவரும் முன்வரவில்லை.