தண்டவாளத்துக்கும் வாசலுக்கும் இடையில்: சைனிக்புரியை முன்வைத்துப் போக்குவரத்தும் தொலைத்தொடர்பும்

1. சிக்கல்

வளரும் நாடு ஒன்றின் போக்குவரத்தை அளக்க நாம் பழகிக்கொண்ட அளவுகோல் நீளம். இத்தனை கிலோமீட்டர் நெடுஞ்சாலை, இத்தனை கிலோமீட்டர் இருப்புப்பாதை, இத்தனை கோடி செல்பேசி இணைப்பு என்று ஆண்டறிக்கைகள் அடுக்குகின்றன. போட்ட முதலுக்குக் கணக்குக் காட்ட இந்த எண்கள் போதும். அந்த முதலால் ஒரு வீட்டுப் பணிப்பெண்ணுக்கு நாளில் எத்தனை மணி நேரம் மிச்சமானது, கல்லூரி முடித்த ஒரு பெண் எவ்வளவு தொலைவு வரை வேலை தேடத் துணிகிறாள் என்பதை இவற்றிலிருந்து அறிய முடியாது.

போக்குவரத்தின் பொருளாதாரப் பயன், கட்டுமானங்களை ஒன்றோடொன்று இணைக்கும் சேவையிலிருந்தே பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். தொலைத்தொடர்பு அந்தச் சேவைக்கான தேவையைக் கூட்டுகிறது. அதற்கு மாற்றாக நிற்பதில்லை. ஹைதராபாத் பெருநகரின் வடகிழக்கில் உள்ள சைனிக்புரியைச் சான்றாகக் கொண்டு இதை நிறுவ முயல்கிறேன். படையில் பணியாற்றி ஓய்வுபெற்றோரின் குடியிருப்பாக அது தொடங்கியதை அதன் பெயரே சொல்கிறது. அருகில் ரயில் நிலையம் உண்டு, மின்னணுத் தொழிற்சாலை உண்டு, கல்லூரி உண்டு, எல்லாக் கைகளிலும் செல்பேசி உண்டு. நீளத்தால் அளந்தால் இப்பகுதிக்குக் குறையொன்றும் தெரியாது. நேரத்தால் அளந்தால்தான் குறை புலப்படும்.

2. கோட்பாடு

சாலை, ரயில், மின்சாரம், தகவல்தொடர்பு ஆகியவற்றைப் பொருளியலார் 'சமூக மேல்நிலை மூலதனம்' என்பர். இதைத் துண்டு துண்டாகப் போட முடியாது, தொழில்கள் வருமுன்பே போட்டாக வேண்டும் என்றது ரோசன்ஸ்டைன்-ரோடனின் வழிமரபு. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1958-இல் வெளியிட்ட பொருளாதார வளர்ச்சி உத்தி பற்றிய நூலில் இதற்கு மறுப்பு வைத்தார். தொழில்கள் முந்திக்கொண்டு வளர்ந்தால், பற்றாக்குறையின் நெருக்கடியே அரசைச் சாலை போட வைக்கும். அதுவும் வளர்ச்சிக்கு ஒரு வழிதான் என்றார்.

சைனிக்புரிப் பகுதி நடந்துவந்தது ஹிர்ஷ்மன் சொன்ன இரண்டாவது வழியில். 1967-இல் ஏ. எஸ். ராவின் முயற்சியால் இந்திய மின்னணுக் கழகம் (இ.சி.ஐ.எல்.) இங்கே தொடங்கப்பட்டது. அடுத்து அணு எரிபொருள் வளாகம் வந்தது. பின்னர் செர்லபள்ளி தொழிற்பேட்டை, ராவின் பெயரையே தாங்கிய நகர், ஒன்றையொன்று ஒட்டிய காலனிகள் என்று குடியிருப்பு பரவியது. இப்பகுதியை உள்ளடக்கிய காப்ரா நகராட்சி 2007-இல் ஹைதராபாத் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. வேலை முதலில் வந்தது, வீடுகள் தொடர்ந்தன, பொதுப் போக்குவரத்து கடைசியில் வந்தது. பற்றாக்குறையால் வளர்ச்சி வரலாம். அதற்கான விலையை ஒவ்வொரு நாளும் பயணத்தில் கழியும் மணி நேரங்களாகச் செலுத்துபவர்கள் உழைப்பாளிகள். ஹிர்ஷ்மனின் கணக்கில் இச்செலவு போதிய இடம் பெறவில்லை.

வால்டர் ஹான்சன் 1959-இல் முன்வைத்த 'அணுகல்' என்ற கருத்து இங்கே கூடுதலாகப் பயன்படும். ஓரிடத்தின் மதிப்பு அங்கிருந்து எட்டக்கூடிய வாய்ப்புகளின் தொகை; பயணம் கடினமாகும் அளவுக்கு அந்தத் தொகை சுருங்கும். இந்த அளவுகோலில் ஒரு தண்டவாளத்தின் மதிப்பை அதன்மேல் ஓடும் ரயில்களின் எண்ணிக்கையும், நிலையத்திலிருந்து வாசல் வரை போகும் வழியும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன.

3. ஒரே கையில் இருந்த ரயிலும் பஸ்ஸும்

ஹைதராபாத் சமஸ்தானத்துக்கு ரயில் 1874-இல் வந்தது. வாடியிலிருந்து சிகந்தராபாத் வரை போடப்பட்ட அந்தப் பாதை, நிஜாமின் ஆட்சிப்பகுதியை பம்பாய்–சென்னைத் தடத்தோடு இணைத்தது. முதலீட்டுக்கு நிஜாம் அரசு வருவாய் உறுதி தந்ததால் பின்னர் அந்தப் பாதையை நடத்திய நிறுவனம் 'உத்தரவாத ரயில்வே' என்றே பெயர் பெற்றது. சிங்கரேணி நிலக்கரி சந்தைக்குப் போனதும் இந்த வலைப்பின்னலின் வழியாகத்தான். காலனிய இந்தியாவின் ரயில்களை ஆராய்ந்த டேவ் டொனால்ட்சன், ரயில் எட்டிய மாவட்டங்களில் உண்மையான வேளாண் வருமானம் ஏறத்தாழ 16 விழுக்காடு உயர்ந்தது என்று கணக்கிட்டிருக்கிறார். சரக்குப் போக்குவரத்துச் செலவு குறைந்ததும், ஊருக்கு ஊர் விலை வேறுபாடு சுருங்கியதும் அதற்கு அடிப்படை.

நம் ஆய்வுக்கு இதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. 1930-இல் ரயில்வேயை நிஜாம் அரசு தன் வசம் எடுத்துக்கொண்டது. 1932-இல் அதே ரயில்வே, 27 பஸ்களும் 166 பணியாளர்களும் கொண்ட சாலைப் போக்குவரத்துப் பிரிவைத் தொடங்கியது. தண்டவாளம் முடியும் இடத்தில் பஸ் தொடங்கியது. இரண்டுக்கும் நிர்வாகம் ஒன்று. பயணி ரயிலிலும் சாலையிலும் மாறி மாறிப் போனாலும் அவருடைய பயணம் ஒன்றே என்ற புரிதல் அந்த ஏற்பாட்டுக்குள் இருந்தது.

விடுதலைக்குப் பின் இந்த ஒருமை கலைந்தது. ரயில் மத்திய அரசிடம் போய், 1966 முதல் சிகந்தராபாத்தைத் தலைமையகமாகக் கொண்ட தென்மத்திய ரயில்வேயின் கீழ் வந்தது. பஸ் 1958-இல் மாநிலப் போக்குவரத்துக் கழகத்திடம் போனது. 2017 நவம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோவுக்கு வேறொரு நிறுவனம். நகரச் சாலை மாநகராட்சியிடம். கன்டோன்மென்ட் சாலை பாதுகாப்புத் துறையிடம். ஒவ்வொரு நிறுவனமும் தன் எல்லைக்குள் நேர்மையாக உழைத்தாலும், எல்லைகள் சந்திக்கும் இடத்துக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை. பயணி தினமும் நின்று தவிப்பது அந்த இடத்தில்தான்.

4. சைனிக்புரியின் மூன்று இடைவெளிகள்

முதல் இடைவெளி ரயிலில். சிகந்தராபாத்–பொலாரம்–மேட்சல் தடத்தில் உள்ள அம்முகூடா நிலையம் சைனிக்புரிக்கு மிக அருகில் இருக்கிறது. நகரின் புறநகர் ரயில் சேவையான எம்.எம்.டி.எஸ். 2003-இல் தொடங்கியபோது இந்தத் தடம் அதில் சேரவில்லை. 2012–13-இல் ஒப்புதல் பெற்ற இரண்டாம் கட்டத்தில், செலவில் மூன்றில் இரண்டு பங்கை மாநிலமும் ஒரு பங்கை ரயில்வேயும் ஏற்பதாக முடிவானது. மேட்சல் தடத்தில் எம்.எம்.டி.எஸ். ரயில்கள் ஓடத் தொடங்கியது 2023 ஏப்ரலில். நேரெட்மெட் வழியாகச் செல்லும் மவுலா அலி–சனத்நகர் இரட்டைப் பாதை 2024 மார்ச்சில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வடகிழக்குக் குடியிருப்புகளை மேற்கே ஹைடெக் சிட்டியின் அலுவலகங்களோடு நேராக இணைக்கும் வல்லமை இந்தப் பாதைக்கு உண்டு. ஆனால் ரயில்கள் ஒன்றுக்கொன்று நீண்ட இடைவெளியில் ஓடுகின்றன. தவறவிட்ட ரயிலுக்கு அடுத்தது எப்போது என்று கணக்குப் பார்க்க வேண்டிய தடத்தை நம்பி யாரும் வேலைக்குச் சேரமாட்டார்கள். ஆகவே இருசக்கர வாகனத்தையோ ஷேர் ஆட்டோவையோ நாடுகிறார்கள். ரயிலில் கூட்டமில்லை என்பதே பிறகு ரயிலைக் குறைக்கக் காரணமாகிறது.

இரண்டாவது இடைவெளி சாலையில். 1806-இல் படைமுகாமாக உருவான சிகந்தராபாத், சைனிக்புரிக்கும் நகர மையத்துக்கும் நடுவே ராணுவ நிலங்களை வைத்திருக்கிறது. அந்நிலங்களை ஊடுருவும் சாலைகள் சில, பாதுகாப்புக் காரணங்களால் பொதுமக்களுக்கு அவ்வப்போது மூடப்பட்டன. இரவில் மட்டும் மூடப்பட்டதும் உண்டு. மல்காஜ்கிரி, நேரெட்மெட், சைனிக்புரி மக்கள் சுற்றிப் போக நேர்ந்தது. 2018 மே மாதம் நாடெங்கும் கன்டோன்மென்ட்களில் மூடிய சாலைகளைத் திறக்கப் பாதுகாப்பு அமைச்சகம் உத்தரவிட்ட பின்னும் சர்ச்சை ஓயவில்லை. ராணுவத்தின் பாதுகாப்புத் தேவை உண்மையானது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் மூடுவதற்கு முன் மாற்றுவழி அமைப்பதும், முறையான அறிவிப்பு தருவதும் அந்தத் தேவைக்கு எதிரானவை ஆகா. நாளைக்கும் இந்தச் சாலை திறந்திருக்கும் என்ற நம்பிக்கையே சாலையின் பொருளாதார மதிப்பில் பாதி.

மூன்றாவது இடைவெளி, ஒரு வசதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில். சுமார் 69 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோவின் முதற்கட்டம் சைனிக்புரியைத் தொடவில்லை. அதை அடைய மெட்டுகூடா, தார்நாகா பக்கம் போயாக வேண்டும். 2025 ஜனவரியில் திறக்கப்பட்ட செர்லபள்ளி ரயில் முனையம் இன்னொரு சான்று. சிகந்தராபாத்தின் நெரிசலைக் குறைக்க வந்த அந்தப் பெரிய கட்டடம் எழுந்த பின்னரும், அதை எட்டும் குறுகிய சாலைகள் பயணிகளுக்குத் துன்பம் தந்தன. கட்டடத்துக்கும் அணுகு சாலைக்கும் ஒரே நாளில் திட்டம் தீட்டியிருக்க வேண்டும்.

5. செய்தி போகும், ஆள் போவது எப்படி?

மூலதனம் அரிதான நாட்டில், செலவு மிகுந்த போக்குவரத்தைவிட மலிவான தொலைத்தொடர்பில் முதலிடுவதே அறிவு என்ற கருத்து வலுவாக இருக்கிறது. இதற்கு மறுமொழி சொல்லச் சைனிக்புரியைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. 1975–76-இல் ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகக் கல்வி ஒளிபரப்பைக் கொண்டுசென்ற 'சைட்' பரிசோதனைக்கான நேரடி வரவேற்புப் பெட்டிகள் இ.சி.ஐ.எல். தயாரிப்புகள். விண்ணிலிருந்து செய்தி நொடியில் இறங்கியது. பழுதான பெட்டியைச் சரிசெய்பவர் மண்சாலையில்தான் போனார். திரையில் கண்ட புதிய விதையை வாங்க உழவரும் அதே மண்சாலையில்தான் நடந்தார்.

கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை செல்பேசி பரவியபோது நிகழ்ந்ததை ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்தார். மீன் விலை துறைக்குத் துறை வேறுபடுவது குறைந்தது. மீனவர் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது. நுகர்வோர் தந்த விலை 4 விழுக்காடு இறங்கியது. தொலைத்தொடர்பின் வெற்றிக்கு அடிக்கடி காட்டப்படும் சான்று இது. ஆனால் எந்தத் துறையில் விலை கிடைக்கும் என்று செல்பேசி சொன்னபோது, அத்துறைக்குத் திரும்பப் படகும் கடல்வழியும் மீனவரிடம் ஏற்கெனவே இருந்தன. படகு இல்லாதவருக்கு அந்தச் செய்தி தன் இழப்பின் அளவை மட்டுமே தெரிவித்திருக்கும்.

சாலை மட்டும் போதும் என்பதும் பிழை. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தை ஆராய்ந்த ஆஷரும் நோவோசாதும், புதிய சாலை வந்த ஊர்களில் வேளாண் விளைச்சலோ வருமானமோ பெரிதாக உயரவில்லை என்று கண்டனர். நேர்ந்த முதன்மையான மாற்றம், பலர் வேளாண்மையை விட்டு வேறு வேலைக்கு நகர்ந்ததே. சாலை ஆட்களை வேலையிடத்துக்குக் கொண்டுசேர்த்தது. வருமானத்தை அதுவாக உண்டாக்கவில்லை.

2020-இன் பொதுமுடக்கம் இவ்விரண்டின் எல்லையையும் காட்டியது. மென்பொருள் ஊழியர் வீட்டிலிருந்தே பணியைத் தொடர்ந்தார். அவர் வீட்டில் சமைப்பவர், காவலாளி, மருத்துவமனைச் செவிலியர் ஆகியோரின் வேலை கம்பி வழியே போகவில்லை. செயலியில் இடும் ஒவ்வொரு ஆணையும் இறுதியில் ஓர் இளைஞரின் வண்டிப் பயணமாகவே முடிகிறது. செய்தி பெருகும்போது பயணமும் பெருகுகிறது.

6. முடிவும் பரிந்துரையும்

புதிதாக ஒரு கிலோமீட்டரும் கட்டாமல் அணுகலைக் கூட்ட முடியும் என்பதற்குத் தெலங்கானாவே சான்று. 2023 டிசம்பர் 9 முதல் மகாலட்சுமி திட்டம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் பயணம் தந்தது. பெண் பயணிகளின் எண்ணிக்கை பெருகியது. பஸ்களில் கூடிய நெரிசல், பஸ்களின் எண்ணிக்கையையும் சேர்த்து உயர்த்த வேண்டியதைக் காட்டியது. தமிழ்நாட்டில் 2010-இல் சட்டம் இயற்றி அமைத்த சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டைக் கொண்டுவந்தது. சட்டத்துக்கும் சீட்டுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. ஹைதராபாத்துக்கு அத்தனை காலம் வேண்டியதில்லை, வழி தெரிந்துவிட்டது.

சைனிக்புரிக்கு வேண்டியவை நான்கு. அம்முகூடா, நேரெட்மெட் வழியே காலையிலும் மாலையிலும் குறுகிய, மாறாத இடைவெளியில் ரயில்கள். ஒவ்வொரு ரயில் வரும் நேரத்துக்கும் பொருந்திய சிற்றுந்து. பஸ், மெட்ரோ, ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு. மாற்றுவழி அமைக்காமல் எந்தப் பொதுச்சாலையும் மூடப்படாது என்ற விதி. நான்கில் எதற்கும் பெரிய கட்டுமானம் தேவையில்லை. துறைகள் ஒரே மேசையில் அமர்வது மட்டும் தேவை.

1932-இல் 27 பஸ்களைக் கொண்டு ஒரு ரயில்வே செய்து காட்டிய இணைப்பு அது. ஆட்சியாளர் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் கிலோமீட்டர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் அச்சிடட்டும்: தன் வாசலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு குடிமகள் எட்டக்கூடிய வேலைகள் எத்தனை என்பதை. ஆண்டுக்கு ஆண்டு அந்த எண் உயர்ந்தால்தான் போட்ட முதல் மக்களிடம் போய்ச் சேர்ந்தது என்று பொருள்.