பெட்டி பாடக்கூடாது: ஸ்பீக்கர் மரத்தின் சின்ன வரலாறு

இந்த வாரக் கதை ஒரு கேள்வியிலிருந்து தொடங்குது. "வீட்டிலேயே ஸ்பீக்கர் பெட்டி செய்யப் போறேன். தேக்கா, பிளைவுட்டா, எம்டிஎஃப்பா? எந்த மரம் நல்லா பாடும்?"

கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கு. தஞ்சாவூர் வீணையைப் பலா மரத்தில் செய்கிறார்கள். அந்த மரம் கம்பியோடு சேர்ந்து அதிரணும், அதுதான் அதன் வேலை. ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிர் வேலை. வீணையின் ஒலி ஏற்கெனவே பதிவுக்குள் இருக்கு. பெட்டியும் தன் பங்குக்குப் பாடினால், அது யாரும் வாசிக்காத ஒலி.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது, பின்னால் பெட்டிக்குள்ளும் அழுத்தம் மாறுது. பெட்டிச் சுவர்களின் மொத்தப் பரப்பு கூம்பைவிடப் பல மடங்கு பெரிசு. அதனால் சுவர் மிகக் கொஞ்சமாக அதிர்ந்தாலும் காதுக்குத் தெரிந்துவிடும். இந்தச் சுவரை எப்படி வாயடைப்பது? இங்கிலாந்தில் இதற்கு இரண்டு பதில்கள் வந்தன.

முதல் பதில் கில்பர்ட் பிரிக்ஸுடையது. 1932-இல் யார்க்‌ஷயரில் வார்ஃபடேல் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1948-இல் ஒலிபெருக்கிகள் பற்றி, சாதாரண ஆட்களுக்கும் புரியும்படி ஒரு புத்தகம் எழுதினார். வீட்டில் பெட்டி செய்த ஒரு தலைமுறைக்கே அவர் வாத்தியார் மாதிரி. அவருடைய வழி கனம். இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, அதில் காய்ந்த மணலை நிரப்பினார். பலகை அதிர்ந்தால் மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசி, அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடும். மூலையில் செங்கல் வைத்தே பெட்டி கட்டலாம் என்றும் சொன்னார். ஒலி நல்லா இருக்கும், ஆனா வீடு மாறும்போது என்ன செய்வீங்க?

இரண்டாவது பதில் பிபிசியிலிருந்து வந்தது. 1970-களின் தொடக்கம். வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் வைத்துக் கேட்க ஒரு சின்ன ஸ்பீக்கர் தேவைப்பட்டது. அப்படிப் பிறந்ததுதான் எல்எஸ்3/5ஏ. உயரம் சுமார் 30 சென்டிமீட்டர்தான். இதன் சுவர் தடிமன் இல்லை, வெறும் 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட். உள்பக்கம் தார் கலந்த அட்டைகளை ஒட்டினார்கள்.

ஏன் மெல்லிசு? சுவரைத் தடிமனாக்கினால் அதிர்வு ஒழியாது. அதன் அலைவெண் மேலே ஏறி, மனிதக் குரல் இருக்கும் இடத்துக்கு வந்துவிடலாம். நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அங்கேதான். மெல்லிய சுவர் கீழேயே அதிரும். அந்த அதிர்வைத் தார் அட்டை சீக்கிரம் விழுங்கிவிடும்.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அடுத்து வருது. பெட்டியின் உள்மூலைகளில் பலகைகளை இணைக்கச் சின்ன ரீப்பர் கட்டைகள் உண்டு. அவற்றுக்கு பீச் என்ற கடின மரம்தான் குறிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக பரானா பைன் என்ற லேசான தென் அமெரிக்க மரத்தைப் போட்டபோது ஒலி மாறியது, அதைக் காதாலேயே கேட்க முடிந்தது. வெளியே தெரியவே தெரியாத ஒரு கட்டை! இந்த ஆய்வுகளை நடத்திய டட்லி ஹார்வுட் 1977-இல் தனி நிறுவனம் தொடங்கினார். தன் பெயரையும் மனைவி எலிசபெத்தின் பெயரையும் சேர்த்து ஹார்பெத் என்று வைத்தார்.

சரி, தேக்கு எங்கே போச்சு? அது மேல்தோலில் இருக்கு. அந்தக் காலத்துப் பெட்டிகளில் நாம் பார்க்கும் தேக்கும் வால்நட்டும் ரோஸ்வுட்டும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வெனீர். மரத்தைச் சீவி ஒட்டும் இந்த வித்தை எகிப்தியர் காலத்திலேயே உண்டு. பழைய தச்சர்கள் விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய வச்சிரத்தைச் சூடாகத் தடவி, வெனீரை அழுத்தித் தேய்த்து ஒட்டினார்கள். பிடிக்கவில்லை என்றால் மறுபடி சூடாக்கி எடுத்துவிடலாம்.

அவர்கள் அறிந்திருந்த ஒரு விதியை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். என் முதல் பெட்டியில் வெளிப்பக்கம் மட்டும் வெனீர் ஒட்டினேன். மழைக்காலம் முடிவதற்குள் பக்கப் பலகை வளைந்து, மூலையில் விரிசல் விட்டது. மரம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் இழுப்பும் ஒரு பக்கம்தான். நல்ல பெட்டிகளில் கண்ணுக்குத் தெரியாத உள்பக்கமும் வெனீர் இருப்பது இதனால்தான்.

எம்டிஎஃப் 1960-களில் அமெரிக்காவில் வணிக உற்பத்திக்கு வந்தது. ரேகை இல்லை, பரப்பு வழவழப்பு, விலை குறைவு. வெனீர் ஒட்ட அருமையான பலகை. ஆனா வெட்டிய ஓரம் தண்ணீரைக் குடிக்கும், அதை முதலில் அடைக்கணும். வெனீரிலும் பலகையிலும் வெள்ளைப் பசை தடவி, காயவிட்டு, பிறகு இஸ்திரிப் பெட்டியால் சூடாக அழுத்துவது வீட்டுக்கு எளிய வழி. கான்டாக்ட் பசை வேகமானது, ஆனா தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. பிரேசில் ரோஸ்வுட்டைத் தேடாதீங்க. 1992 முதல் அதன் உலக வணிகத்துக்குக் கடும் தடை இருக்கு.

ஆக, என் பதில்: உடம்புக்கு பிர்ச் பிளைவுட் அல்லது எம்டிஎஃப், மூலைக்குக் கடின மரம், தேக்கு தோலுக்கு மட்டும், அதுவும் இரண்டு பக்கமும்.

கடைசியா ஒரு சோதனை. பேச்சுக்குரலை நேரிலும் ஸ்பீக்கரிலும் மாற்றி மாற்றிக் கேட்பது பிபிசிக்காரர்களின் வழக்கம். நீங்களும் அம்மா பேசுவதைப் பதிவு செய்து உங்க பெட்டியில் போடுங்க, அம்மாவையும் பக்கத்தில் பேசச் சொல்லுங்க. அவங்க குரலில் இல்லாத ஏதோ ஒன்று கேட்டால், பெட்டியைத் திறந்து மூலைக் கட்டையிலிருந்து தேடத் தொடங்குங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.