பெட்டிக்குள் அடங்காத சறுக்கல்: 1983-ம் மிடியும்

வடசென்னைக்காரங்களுக்கு கன்டெய்னர்னா என்னன்னு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் வரிசை நிற்கிறதைப் பார்த்தே வளர்ந்தவங்க நாம. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் செயல்பாட்டுக்கு வந்தது 1983-ல். பெட்டியோட அளவு உலகம் முழுக்க ஒண்ணுதான். அதனால எந்தக் கப்பல்ல வந்தாலும், எந்த கிரேனும் தூக்கும்.

அதே 1983 ஜனவரியில், கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு இசைக்கருவிக் கண்காட்சியில், அமெரிக்க கம்பெனியோட ப்ராஃபெட்-600, ஜப்பான் ரோலண்டோட ஜூபிடர்-6, ரெண்டையும் கேபிள் போட்டு இணைச்சாங்க. ஒண்ணை வாசிச்சா இன்னொண்ணும் பாடுச்சு. அதுதான் மிடி. இசைக்கு ஒரு கன்டெய்னர் கிடைச்ச மாதிரி.

அந்தப் பெட்டிக்குள்ள சத்தம் இருக்காது, தகவல்தான் இருக்கும். எந்தச் சேனல் (மொத்தம் 16), எந்த நோட் (0 முதல் 127 வரை), எவ்வளவு வேகமா அழுத்தினீங்க. மூணே பைட். வினாடிக்கு 31,250 பிட் வேகத்தில், ஒரு நோட் போய்ச்சேர ஒரு மில்லிசெகண்ட்கூட ஆகாது.

இப்போ ஒரு வருஷம் பின்னாடி போவோம். 1982, பம்பாய். சினிமா ஸ்டூடியோ இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்டோட ஜூபிடர்-8, டிஆர்-808, டிபி-303 மூணையும் வச்சு, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஒரு ஆல்பமாப் போட்டார். அப்போ பெருசா யாரும் கண்டுக்கல. 2010-ல் மறுபடி வெளிவந்தபோது உலகமே ஆச்சரியப்பட்டது. ஏன்னா, அதே 303-ஐ வச்சு சிகாகோவில் ஆசிட் ஹவுஸ்னு ஒரு இசை வகை கிளம்பினது 1987 வாக்கில்தான்.

அவர் கையில் இருந்த மூணு மெஷின்லயும் மிடி கிடையாது. 808-ம் 303-ம் டின் சிங்க்னு ஒரு கேபிள் வழியா தாளத்தைப் பகிர்ந்துக்கும். ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு. பின்னாடி வந்த மிடி கிளாக்கும் அதே 24-தான். பிளக்கும் பார்க்க ஒரே அஞ்சு முனை பிளக். ஆனா சிக்னல் வேற. நேரா மாத்திச் சொருகினா வேலைக்கு ஆகாது, நடுவில் கன்வெர்ட்டர் வேணும்.

இதைவிட முக்கியமான விஷயம் சறுக்கல். கர்நாடக சங்கீதத்தில் ஜாரு, இந்துஸ்தானியில் மீண்ட். ஒரு சுரத்தை விடாம அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போறது. 303-ல் ஒவ்வொரு நோட்டுக்கும் 'ஸ்லைட்' தனியா புரோகிராம் பண்ணலாம், 'ஆக்சென்ட்'டும் அப்படித்தான். மிடியோட மூணு பைட்டில் இது ரெண்டுக்கும் இடமே இல்லை.

அப்போ பழைய 303-க்குள்ள மிடி போர்டு வைக்கிறவங்க என்ன செஞ்சாங்க? ஒரு வழக்கத்தை உருவாக்கினாங்க. முதல் நோட்டை விடுறதுக்கு முன்னாடி அடுத்த நோட் வந்தா, அது ஸ்லைட். அழுத்தின வேகம் ஒரு அளவைத் தாண்டினா, அது ஆக்சென்ட். பெட்டியோட அளவை மாத்தாம, சரக்கை வேற மாதிரி அடுக்கிட்டாங்க.

அதனால இப்படி ஒரு மெஷின் உங்க கைக்கு வந்தா மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, சேனலைக் குறிப்பா செட் பண்ணுங்க; எல்லாச் சேனலையும் கேட்கிற 'ஆம்னி'யில் விட்டா, டிரம்ஸுக்குப் போற நோட்டையும் இது வாசிக்கும். ரெண்டு, 303 ஒரு நேரத்தில் ஒரு நோட்தான் பாடும். ரெண்டு கீ சேர்ந்து விழுந்தா கடைசியா வந்ததா, தாழ்ந்த சுரமா, எதுக்கு முன்னுரிமைன்னு தெரிஞ்சுக்கோங்க. மூணாவதுதான் ஆபத்தானது. கம்ப்யூட்டர்ல சுத்தமா இருக்கட்டும்னு எல்லா நோட்டையும் ஒரே நீளத்துக்கு வெட்டிடுவோம். ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருந்த அந்தச் சின்ன இடம் காணாம போகும். ஸ்லைடும் சேர்ந்து போகும். சுரம் எல்லாம் சரியா இருக்கும், ராகம் மட்டும் இருக்காது.

நாம குப்பைன்னு நினைச்சு வெட்டுறதுலதான் சில நேரம் சரக்கே இருக்கு. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.