லண்டன் கண்ணாடித் தொட்டியில் முள்மீன்

லண்டனில் நன்னீர் மீன்தொட்டிக்கு அறிவியல் அடித்தளம் இட்டவர் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். 1849இல் 12 காலன் தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் வைத்தார். அழுகிய இலைகள் நீரைக் கலக்கியபோது நத்தைகளைச் சேர்த்தார், நீர் தெளிந்தது. 1850இல் முடிவை வெளியிட்டார். கண்ணாடி வரி 1845இலேயே நீங்கியிருந்ததால் தொட்டியின் விலையும் குறைந்தது. 1853இல் ரீஜென்ட்ஸ் பார்க் விலங்குக்காட்சியகத்தில் மீன் இல்லம் திறக்கப்பட்டதும் இந்த ஆர்வம் வீடுகளுக்குள் பரவியது.

வீட்டுத் தொட்டிக்குக் குளங்களிலும் ஓடைகளிலும் எளிதில் கிடைத்தது ஸ்டிக்கிள்பேக் எனும் மூன்று முள் மீன். வாரிங்டனும் அதன் பழக்கங்களைக் கவனித்து எழுதினார். நீளம் ஐந்து சென்டிமீட்டர் அளவுதான், மூர்க்கமோ வியக்கத்தக்கது. இளவேனிலில் ஆணின் அடிப்புறம் சிவக்கும். சிறுநீரகத்தில் சுரக்கும் பசையால் செடித்துணுக்குகளை ஒட்டிக் கூடு கட்டும். பெண் முட்டையிட்டதும் அதையும் விரட்டிவிட்டு, துடுப்பால் நீரை விசிறி முட்டைகளைத் தனியே காக்கும். எல்லைக்குள் வரும் வேறு ஆணைத் தாக்கும். சிறிய தொட்டியில் தோற்றதற்கு ஓட இடமில்லை. அதனால் அங்கே ஓர் ஆணே பொருந்தும். அடர்ந்த செடிகள் பெண்களுக்கு மறைவிடமாகும்.

பின்னாளில் நிக்கோ டின்பெர்கன் அடிப்புறம் சிவந்த பொம்மைகளைக்கூட ஆண்மீன்கள் தாக்குவதைக் காட்டினார். விலங்கு நடத்தை ஆய்வுகளுக்காக 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.